பாகம் பிரியாத மோட்டார்

பாகப்பிரிவினை என்று வந்துவிட்டால் நம் குடும்பங்களில் எதையும் இரண்டாக்கிவிடலாம். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரிக்கலாம். வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்கலாம். அண்டா, குண்டா, அம்மி, ஆட்டுரல் எல்லாவற்றையும் எண்ணிப் பிரிக்கலாம். பிரிக்க முடியாத பொருள் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அது என் பாட்டனாரின் மோட்டார் வண்டி.

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வைத்தியத் தொழில் நடத்திவந்த பாட்டனார் அதை 1966-ஆம் வருஷத்தில் வாங்கினார். இரண்டு கதவுள்ள 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வண்டி. அவர் காலமான பின் என் பெரியப்பாவும் தகப்பனாரும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். "எனக்கு வேண்டாம், அவனே வைத்துக்கொள்ளட்டும்" என்றார் பெரியப்பா. "அவர் வேண்டாமென்று தள்ளியதை நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்றார் தகப்பனார். வண்டி நின்ற கொட்டகை எங்கள் பாகத்தில் விழுந்தது. அங்கிருந்து தெருவுக்குப் போகும் வண்டிப்பாதை பெரியப்பா பாகத்தில் விழுந்தது. இரண்டுக்கும் நடுவே சுவர் எழும்பிற்று. வண்டியின் சாவியும் ரிஜிஸ்டர் புத்தகமும் பெரியப்பாவின் பெட்டிக்குள் இருந்தன. சகோதரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். வண்டியும் ஓடுவதை நிறுத்தியது. இவ்விதமாக 11 வருஷங்கள் கழிந்தன.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து, வண்டியை எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தகப்பனார் மறுமொழி கூறுமுன் என் 13 வயது மகள், "தாத்தா, இதை நாமே ஓட வைத்தால் என்ன?" என்று கேட்டுவிட்டாள். எங்கள் குடும்பம் 14 மாதங்கள் எண்ணெய்க் கறையோடு திரிந்ததற்கு இந்த ஒரு கேள்வியே காரணம்.

சென்னையில் பிறந்த வண்டி

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். நாடு விடுதலை பெற்ற மறுவருஷமாகிய 1948-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் இந்தியக் கிளைத் தொழில் ஸ்தாபிக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் அதன் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக்கொண்டு 'வான்கார்டு' என்னும் வண்டியைப் பூட்டினார்கள். 1961-ல் ஹெரால்டு உற்பத்தி தொடங்கிற்று. வரவர, கூடுதலான பாகங்கள் நம் நாட்டிலேயே வார்க்கப்பட்டன, கடையப்பட்டன. பின்னாளில் நான்கு கதவுள்ள ஹெரால்டு ஒன்றும் இங்கே வெளியாயிற்று. அது இங்கிலாந்தில் இல்லாத புதுமை. 1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையின் மோட்டார் உற்பத்தி நின்றுபோயிற்று.

1959-ல் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த ஹெரால்டின் உருவத்தை வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. உடலை ஒரே கூடாகச் செய்துகொடுத்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டபடியால், பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, போல்ட்டுகளால் அடிச்சட்டத்தின் மேல் முடுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆபத்துக்குக் கண்டுபிடித்த உபாயம், பிற்காலத்தில் எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு வரப்பிரசாதமாயிற்று. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். முன்மூடியோ சக்கர மறைப்புகளோடு சேர்ந்து ஒரே பாகமாக முன்புறம் சாய்ந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இஞ்சினை ரிப்பேர் செய்யலாம். வண்டி 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதும் அதன் பெருமைகளில் ஒன்று.

பட்டதாரியின் அறியாமை

நான் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயன். நான்கு வீச்சு இஞ்சினைப் பற்றி 20 வருஷங்களாகக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஆனால் ஒரு பிளக்கையாவது என் கையால் கழற்றிப் பார்த்ததில்லை. கொட்டகையில் முன்மூடியைச் சாய்த்தபோது, என் படத்தில் இருந்ததைப் போல ஒன்றுமே அங்கே காணப்படவில்லை!

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) அவர்களின் வரலாறு அப்பொழுது நினைவுக்கு வந்தது. பள்ளிப் படிப்பில் மனம் செல்லாத அவர், இளமையில் ஓர் ஆங்கிலேயரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். பிரித்துக் கோத்தே யந்திர நுட்பத்தை அறிந்தார். அவரே 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு பெரிய தொழில்களை நடத்தினார். பிரித்துப் பார்க்கும் துணிவும் ஒரு கல்வியே.

என் பட்டத்துக்கும் ஒரு பிரயோஜனம் கிடைக்காமல் போகவில்லை. இந்த இஞ்சினை 948 சி.சி. என்பார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று மகள் கேட்டாள். சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 76 மில்லிமீட்டர், சிலிண்டர்கள் நான்கு. சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டாள். விடை 947.6 என்று வந்தவுடன் அவள் முகம் மலர்ந்தது போல என் வகுப்பறையில் எந்தக் குழந்தையின் முகமும் மலர்ந்து நான் கண்டதில்லை.

நாங்கள் கற்ற விதிகள்

எழுபது வயதைக் கடந்த மேஸ்திரி ஒருவர் வாரம் ஒருமுறை வந்து வழிகாட்டினார். அவர் சொன்னவற்றை, இதே முயற்சியில் இறங்கக்கூடிய நேயர்களுக்காக இங்கே தருகிறேன்.

நெடுநாள் கிடந்த இஞ்சினை எடுத்த எடுப்பிலே பாட்டரி பூட்டிச் சுழற்றக் கூடாது. உள்ளே துருவேறியிருந்தால் பிஸ்டன் வளையங்கள் உடைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, பிறகு கையால் மெல்லத் திருப்ப வேண்டும். எங்கள் இஞ்சின் பத்தாம் நாள் அசைந்தது.

ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே தலையை நீட்டக் கூடாது. செங்கல் அடுக்கும் உதவாது. இரும்புத் தாங்கிகள் வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசியை ஊதுவதும் பெருக்குவதும் நுரையீரலுக்கு அபாயம். நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகையால் வர்ணம் சுரண்டும் வேலைக்குக் குழந்தைகளைச் சேர்க்கவே கூடாது.

டாங்கியில் கிடந்த பெட்ரோல் பிசினாகிவிட்டிருந்தது. அதை முற்றும் கழுவினோம். இப்பொழுது விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் சேர்ந்திருப்பதால், அக்காலத்து ரப்பர் குழாய்கள் அதைத் தாங்கமாட்டா. குழாய்களையும் பம்பின் சவ்வையும் புதிதாக மாற்றினோம்.

கழற்றிய ஒவ்வொரு திருகுக்கும் பெயர் வேண்டும். பாட்டனாரின் மருந்து டப்பாக்கள் இதற்கு வெகுவாக உதவின. "இடது கதவு, மேல் கீல், 3 திருகு" என்று என் மனைவி சீட்டு எழுதி ஒட்டினாள். பெரியம்மா பின்னால் வந்து சேர்ந்து, கிழிந்த சீட்டு உறைகளைத் தையல் பிரித்து, காகிதத்தில் அச்செடுத்து, புதிய ரெக்சினை வெட்டித் தந்தார். சென்னையிலிருக்கும் பெரியப்பா மகன் புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து பழைய பாகங்களைச் சேகரித்து அனுப்பினான்.

பெரியம்மா வந்தார் என்றேன். அது எப்படி நேர்ந்தது?

சுவருக்கு அப்பால்

சாவி பெரியப்பாவிடம் இருந்ததல்லவா? கேட்பதற்கு நானும் துணியவில்லை, தகப்பனாரும் இசையவில்லை. மகள்தான் போனாள். பெரியப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் பெட்டியைத் திறந்து சாவியைக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை சுவருக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது.

"கார்புரேட்டரை அப்படித் திருகக் கூடாதென்று உன் தாத்தாவிடம் சொல்லம்மா" என்றார்.

"எப்படித் திருக வேண்டுமென்று உன் பெரிய தாத்தாவைக் கேளம்மா" என்றார் என் தகப்பனார், தலை நிமிராமலே.

பாட்டனார் காலத்தில் வண்டியை ஓட்டியவரும் இஞ்சினைக் கவனித்தவரும் பெரியப்பா. மறுவாரம் அவர் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தார். ஆயினும் இரண்டு மாதம் இருவருக்கும் நடுவே குழந்தையே தபால்காரியாக இருந்தாள். ஓரடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் அவள் மூலம் பேசிய வேடிக்கையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அன்று மாத்திரம் சிரிப்பு வரவில்லை.

இஞ்சின் ஓடுமுன் பிரேக் பிடிக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கண்டிப்பான விதி. ரப்பர்களை மாற்றிய பின், பிரேக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் அவசியம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தின் பக்கம் சிறு திருகைத் திறந்து, குமிழியோடு எண்ணெய் வந்ததும் மூட வேண்டும். மூடியாயிற்று என்று சொல்லும்வரை பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே புகுந்துவிடும்.

அன்று பள்ளிக்கூட நாள். நானும் இல்லை, குழந்தையும் இல்லை. நடந்ததைப் பெரியம்மாதான் எங்களுக்குச் சொன்னார். பெரியப்பா பெடலில் காலை வைத்துக்கொண்டிருந்தார். தகப்பனார் இடது பின்சக்கரத்தின் அருகே படுத்திருந்தார். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, "அமுக்கலாம்" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது, யாரையும் குறிக்காமல். "அமுக்கியாச்சு" என்று மேலேயிருந்து பதில். இரண்டாவது சக்கரத்துக்கு வந்தபோது, "அமுக்குங்க" என்று மரியாதை சேர்ந்தது. நான்காவது சக்கரத்தில் பெரியப்பா சற்று முன்னதாகவே காலை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. "என்ன அண்ணே, அதுக்குள்ளே விட்டுட்டீங்களே!" என்று தகப்பனார் கத்தினார். "வயசாச்சுடா தம்பி, கால் வலிக்குது" என்றார் பெரியப்பா.

11 வருஷங்களுக்குப் பின் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட பேச்சு இதுதான். பிரேக் சரியாகப் பிடித்ததா என்று நான் மாலையில் கேட்டபோது, இருவரும் வர்ணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தாளில் இரண்டு கையெழுத்து

"இந்தப் பழைய இஞ்சினோடு ஏன் போராட வேண்டும்? புது வண்டியின் இஞ்சினை வைத்துவிடலாமே" என்று பெரியப்பா மகன் ஒரு யோசனை சொன்னான். அது கூடாதென்று சட்டமே எங்களுக்கு உதவிற்று. 2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளின்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வாகனங்களைப் புராதன வாகனங்களாகப் பதிவு செய்யலாம், பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும்; அப்பதிவு 10 வருஷம் செல்லும். ஆனால் அடிச்சட்டமும் உடலும் இஞ்சினும் பெரிய மாறுதல் இன்றி ஆதியில் இருந்தபடியே இருக்க வேண்டும். அத்தகைய வண்டியைக் கண்காட்சி, புராதன வண்டிகளின் பேரணி போன்றவற்றுக்குக் கொண்டுபோகலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்துக்கு உபயோகிக்கலாகாது.

பாட்டனார் பெயரில் இருந்த வண்டியாதலால் முதலில் வாரிசுகளின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். நிலத்துக்கும் வீட்டுக்கும் எதிரெதிர்க் கட்சிக்காரர்களாகக் கையெழுத்துப் போட்ட அதே இருவர், இந்தத் தாளில் ஒருவர் கீழ் ஒருவராகக் கையெழுத்திட்டார்கள்.

இதற்கு என்ன செலவாயிற்று என்று கேட்பீர்கள். கணக்கு நோட்டு என் மனைவியிடம் இருக்கிறது. கூட்டுத் தொகையை வெளியிட்டால் இனி ஒரு திருகு வாங்கவும் பணம் தரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இலாப நஷ்டக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற வேலையன்று என்பதை மாத்திரம் ஒப்புக்கொள்கிறேன். இதில் விழும் பணத்துக்கு ஓடுகிற சிறு வண்டி ஒன்றை வாங்கிவிடலாம்.

ஆனால் நம் வீடுகளில் எத்தனை பொருள்கள் இப்படிக் கிடக்கின்றன! சுதந்திரம் வந்த புதிதில் நம் தொழிலாளிகள் செய்த தையல் யந்திரம், ரேடியோ, விசிறி முதலியன பரணில் தூங்குகின்றன. எடைக்குப் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து அவற்றைத் திறந்து பாருங்கள். அது ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, குழந்தைகளுக்குக் கை வேலையின் மதிப்புத் தெரியும்; பெரியவர்களுக்குப் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

எங்கள் வண்டி சென்ற ஆனி மாதத்தில் உயிர் பெற்றது. பெரியப்பா ஓட்ட, தகப்பனார் பக்கத்தில் உட்கார, மகள் பின்னால் ஏறிக்கொள்ள, கொட்டகையிலிருந்து கொல்லைப்புற வண்டிப்பாதையின் கோடிவரை போய்த் திரும்பிற்று. அறுபது கஜ தூரம் இருக்கலாம். வண்டி வெளியே வருவதற்காக நடுச்சுவரில் பத்தடி இடிக்க வேண்டியிருந்தது. திரும்பக் கட்டுவதற்குக் கொத்தனாரை இதுவரை யாரும் அழைக்கவில்லை.