அன்னையின் வரி வெறுமையாய் இருக்கலாமா?

காண விழையும் இடங்களையும் கற்க விழையும் கலைகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைக்கும் பழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. வேலையற்ற வேலை என்று பெரியோர் சிலர் இதை ஒதுக்குகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

அமெரிக்கரான ஜான் காடர்டு என்பவர் 1940-ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், வாழ்நாளில் செய்ய வேண்டியவை என 127 ஆசைகளை எழுதினார். 'இளமையிலேயே செய்திருக்கலாமே' என்று பெரியவர் ஒருவர் ஏங்கியதைக் கேட்டதே அதற்குத் தூண்டுகோல். நைல் நதியில் சிறு படகில் சென்றது உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நிறைவேற்றிய பின்னரே அவர் 2013-இல் மறைந்தார்.

நைல் நதி நமக்கு எட்டாதுதான். ஆனால், மருங்காபுரி வட்டாரத்துக் குடும்பம் ஒன்று எழுதுவதற்கு இடங்களுக்கா பஞ்சம்? மயில்கள் உலவும் விராலிமலை, பண்டைச் சமண ஓவியங்களைக் கொண்ட சித்தன்னவாசல், இசை இலக்கணம் பாறையில் பொறிக்கப்பெற்ற குடுமியான்மலை, கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை, வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி ஆகியவற்றுள் எதுவாயினும், கட்டுச்சோற்றுடன் விடியலில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பொழுதுபோக்குக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில், இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு 1967-இல் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை நிறுவித் தமிழகத்துச் செடிகொடிகளை ஆராய்ந்தார். அந்தக் கலையின் தொடக்கம் நம் வீட்டிலேயே இயலும். வரப்போரத்துச் செடி ஒன்றைப் பூவோடு எடுத்துப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே கனத்தை வைத்து, நாள்தோறும் தாளை மாற்றினால் போதும். காய்ந்தபின் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துவிட்டால், பிள்ளைகளின் சேகரிப்பில் முதல் ஏடு ஆயத்தம்!

எனினும், பட்டியல் எழுதுகையில் இல்லங்களில் நேரும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் அறிந்த ஓர் இல்லத்தில் தந்தையும் பிள்ளைகளும் தாளை நிரப்பிவிட்டனர். அன்னையின் வரி மட்டும் வெறுமையாய் நின்றது. "எனக்கென்ன ஆசை? நீங்கள் போய்வந்தால் போதும்" என்றார் அவர். சில நாள் கழித்து, மூத்த மகள் மீண்டும் வற்புறுத்தியபோதுதான், "சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டும்" என்றார், கூச்சத்துடன்.

அந்த ஆசைக்கு வயது முப்பதுக்கும் மேல். அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாக எழுத்தறிவு பெற்ற கிராமப் பெண்கள் திரள்திரளாகச் சைக்கிள் ஓட்டவும் பழகினர். அதைக் கேள்வியுற்ற நாளில் சிறுமியாய் இருந்த இவரும் கேட்டிருக்கிறார். "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று வீட்டார் மறுத்துவிட்டனர். அதன்பின் அவரிடம் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது மாலை வேளைகளில், குளக்கரை மண்பாதையில், மகன் பின்னிருக்கையைப் பிடித்துக்கொள்ள அவர் பழகி வருகிறார். இருமுறை விழுந்ததையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

வாசக அன்பர்களே! வரும் ஞாயிறு மாலை உங்கள் இல்லத்திலும் ஒரு தாளை எடுங்கள். முதல் வரியை அன்னைக்கும் அடுத்ததைப் பாட்டிக்கும் ஒதுக்குங்கள். 'ஒன்றுமில்லை' என்ற விடையோடு நின்றுவிடாமல் மறுமுறையும் கேளுங்கள். எழுதிய ஆசைக்கு எதிரே ஒரு நாளையும் குறித்துவிடுங்கள்.