ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த மனிதர்கள்

பாளையங்கோட்டையில் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று பழைய ஆட்கள் சொல்வது ஒரு கிறிஸ்தவ ஆலயத்தை. கிளாரிந்தா என்ற பிராமண விதவை கட்டியது. 1785-ல் பிரதிஷ்டை ஆனது. நான் இந்த ஊரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு அதே விசுவாசத்தைப் பிள்ளை தன் வாயால் சபைக்கு முன் அறிக்கையிட வேண்டும். பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். அதன் பிறகுதான் நற்கருணை. இதைத்தான் திடப்படுத்தல் என்கிறோம்.

வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகளை அந்த ஆலயத்துக்குக் கூட்டிப்போவேன். விசுவாசம் புத்தகத்தால் மட்டும் இந்த மண்ணுக்கு வந்துவிடவில்லை, ஆள் மாற்றி ஆளாகத்தான் வந்து சேர்ந்தது என்று அங்கே நின்று சொன்னால் எளிதில் புரிகிறது.

கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் கிறிஸ்டியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் ஐயர் (போதகரை எங்கள் சபைகளில் ஐயர் என்போம்). ஜெர்மானியர், 1726-ல் பிறந்தவர். ஹாலே நகரத்தில் படிக்கும்போது, தமிழ்நாட்டில் ஊழியம் செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸ் என்ற முதியவரிடம் தமிழ் கற்றார். தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிடும் முயற்சிக்கு உதவத்தான் அந்தப் படிப்பு. இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே அதிலிருந்துதான் முளைத்தது. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1798-ல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. ஆனால் அவர் வீட்டில் பிள்ளைகள் இருந்துகொண்டே இருந்தார்கள். வரலாற்றில் அவருடைய ராஜதந்திரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஐதர் அலியிடம் தூது போனவர் அல்லவா? எனக்கு அந்தப் பிள்ளைகளும், பிள்ளைகளைப் போல் அவர் விசுவாசத்தில் வளர்த்த மற்றவர்களும்தான் முக்கியம்.

முதலில் கிளாரிந்தா. கணவர் இறந்த பின் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவத்தை அவரிடம்தான் கேட்டறிந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டபோது ஸ்வார்ட்ஸ் உடனே கொடுத்துவிடவில்லை. திருமணமில்லாத அந்த வாழ்க்கையைக் காட்டி மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். இதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்குக் கோபம் வரும், “பாவம் டீச்சர் அந்த அம்மா” என்பார்கள். பாவம்தான். அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? ஆனாலும் மறுத்தவர் கதவை அடைத்துவிடவில்லை. மறுக்கப்பட்டவரும் முறுக்கிக்கொண்டு போய்விடவில்லை. ஒருவருடைய ஆத்துமாவைப் பற்றி அக்கறை உள்ளவர் சில சமயம் முகத்துக்கு நேரே கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன பிறகும் உறவை விடாமல் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஸ்வார்ட்ஸ் இருந்தது தஞ்சாவூரில். பாளையங்கோட்டைக்கு எப்போதோ ஒருமுறைதான் வர முடியும். அதனால் சின்னச் சபையைக் கிளாரிந்தாவே தாங்கினார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர், முதல் பெயர் அவருடையது. தங்களோடு தங்கிப் போதிக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவர் கேட்க, ஸ்வார்ட்ஸ் தன்னிடம் தேறிய சத்தியநாதன் என்ற உபதேசியாரை அனுப்பினார். 1790-ல் அவர் குருப்பட்டமும் பெற்றார். கையில் இருப்பதிலேயே நல்ல ஆளை அனுப்புவது எளிதல்ல. நன்றாக வேலை செய்கிறவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தான் எல்லாருக்கும் ஆசை. பிறகு சாத்தான்குளம் பக்கத்து தாவீது சுந்தரானந்தம் தஞ்சாவூரில் போதனை பெற்றுத் திரும்பி வந்து, சத்தியநாதனோடு உழைத்தார். 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு அவர் முயற்சியால் எழுந்தது. ஷுல்ட்ஸில் தொடங்கி எண்ணிப் பாருங்கள், நான்கு தலைமுறை! ஹாலேயில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த முதியவருக்கு முதலூர் என்று ஓர் ஊர் உண்டாகும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்னொரு பிள்ளை வேதநாயகம். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் அவரைத் தந்தையிடம் கேட்டுத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். தன்னோடு வைத்துப் படிக்கவைத்தார். பிறகு தரங்கம்பாடிக்கு அனுப்பி மேலும் கற்கச் செய்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் என்று நாம் கொண்டாடுவது இவரைத்தான். ஜெர்மானியர் வளர்த்த பிள்ளை குறவஞ்சி பாடினார், ஜெர்மானியர் ஆகிவிடவில்லை. ஸ்வார்ட்ஸிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மனம் கனப்பதும் இதே கதையில் இருக்கிறது. அந்நாளில் தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. ஸ்வார்ட்ஸுக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் மெல்ல மெல்லப் போய்விடும் என்று பொறுத்தார். போகவில்லை. அவருக்குப் பின் வந்த மிஷனரிகள் அதை ஒழிக்க முனைந்தபோது, வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதினார். 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நான் மறைப்பதில்லை. நாம் வாய்திறந்து சொல்லிக்கொடுப்பதை மட்டும் அவர்கள் கற்பதில்லை. எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தோமோ அதையும் கற்றுக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நம் சபைகளில் இன்றும் சம்பந்தம் பேசும்போது என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் எங்கள் வகுப்பு ஒரே வீட்டில் நடப்பதில்லை. வாரம் ஒரு பிள்ளையின் வீட்டில் கூடுகிறோம், அந்த வீட்டில் என்ன சமைத்திருக்கிறார்களோ அதைச் சாப்பிடுகிறோம். இதற்குப் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்ற பெற்றோரிடம் நேரில் போய்ப் பேசியிருக்கிறேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தஞ்சாவூர் அரண்மனையிலும் ஸ்வார்ட்ஸுக்கு ஒரு பிள்ளை உண்டு. இரண்டாம் சரபோஜி. அரியணைப் போட்டியில் சிறுவனின் உயிருக்கே ஆபத்து இருந்தது. ஸ்வார்ட்ஸ் காவலாக நின்று, படிப்புக்கும் ஏற்பாடு செய்தார். சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஸ்வார்ட்ஸின் அன்பும் குறையவில்லை. அவர் இறந்த பின் ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்வித்தார் சரபோஜி. தஞ்சாவூர்க் கோட்டை ஆலயத்தில் அது இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சி. இத்தனை பேரைச் சேர்த்தோம் என்று கணக்குக் காட்டும் ஊழியக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

ஒருவரை விசுவாசத்தில் வளர்ப்பதற்கு வேதாகமத்தில் எனக்குப் பிடித்த மாதிரி அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்பொல்லோ நல்ல பேச்சாளர், ஆனால் அவர் அறிந்ததில் குறை இருந்தது. கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியர் அதைக் கேட்டார்கள். சபை நடுவே எழுந்து திருத்தவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு, இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை ஒருவர் திருத்தும் இந்தக் காலத்தில் இதைப் படித்தால் ஏக்கமாக இருக்கிறது.

நான் செய்வதும் இவ்வளவுதான். மாற்கு சுவிசேஷத்தை மெதுவாகப் படிப்போம். ஒரு சிறு பகுதி, பிறகு அவர்களுடைய கேள்வி. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பேன், சேகர ஐயரைக் கேட்டுச் சொல்வேன். நடக்க முடியாத பாட்டிமாரைப் பார்க்கப் போகும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிப்போவேன். அங்கே யார் ஜெபம் பண்ணுவது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பயந்து வரமாட்டார்கள், அதனால் அங்கே போய்த்தான் கேட்பேன்.

ஒரு பிள்ளை, “ஜெபம் பண்ண உட்கார்ந்தா ஒண்ணுமே வரமாட்டேங்கு டீச்சர்” என்றாள்.

“வரலைன்னே அவர்கிட்ட சொல்லு பிள்ள.”

“அது ஜெபமா?”

“பொய் சொல்லாம பேசுனா ஜெபந்தான்.”

அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்த வருஷம் அது. அழகான வார்த்தைகளை நான் கற்றுக்கொடுத்திருந்தால் அவள் அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள்.

இப்போது அவளே தெருவிலுள்ள சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்ல வேண்டும் என்கிறாள். எதைச் சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் பெற்றோரிடம் கேள், வாசல் கதவைத் திறந்தே வை, ஓரிரு பிள்ளைகளுக்கு மேல் இப்போது வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் எங்கள் வகுப்பு கூடுவது அவள் வீட்டில்.