'மதிப்புக் கூட்டல்' யாருக்கு?

அப்துர் ரஹ்மான் முனீஃப் எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். நாவலாசிரியராக மட்டுமே அவரை அறிந்த நம்மில் பலருக்கு இது செய்தியாக இருக்கலாம். அவருடைய 'உப்பு நகரங்கள்' வெளிவந்தது 1984இல்; சவூதி அரேபியாவில் அது தடைசெய்யப்பட்டது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு பெட்ரோ ரசாயனத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் ரசாயனத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வாயுவும் வரும். சவூதியில் அதை வெகுகாலம் சும்மா கொளுத்திவிட்டார்கள். எழுபதுகளில்தான் அதைப் பிடித்துக் குழாயில் விடும் திட்டம் வந்தது. 1976இல் சாபிக் நிறுவனம் உருவானது. ஜுபைலில் ஆலைகள் எழுந்தன. வாயுவிலிருந்து ஈத்தேனைப் பிரித்து, 800 டிகிரிக்கு மேல் நீராவியோடு சூடாக்கி உடைத்தால் எத்திலீன். அதைக் கோர்த்தால் பாலிஎத்திலீன், அதாவது நம் கையிலிருக்கும் பை. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பெரும்பாலான ஆலைகள் நாப்தாவை உடைக்கின்றன. அதன் விலை கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். சவூதி அரசோ ஈத்தேனை, பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 75 சென்ட் என்று பல ஆண்டுகள் நிறுத்திவைத்திருந்தது. 2016இல்தான் அது 1.75 டாலரானது. இந்த இடைவெளிதான் லாபம். இதைத் 'தொழில்நுட்பச் சாதனை' என்று பேசுவது ஒரு சொல்லாடல், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. புது ஆலைகளுக்குக் கொடுக்க மலிவான ஈத்தேன் தாராளமாக இல்லை. அமெரிக்கா பாறை வாயுவோடு சந்தைக்கு வந்துவிட்டது. இதைவிடப் பெரிய விஷயம் சீனா. வாங்கிக்கொண்டிருந்தவன் 2019க்குப் பிறகு தானே பிரம்மாண்டமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டான். உலகச் சந்தையில் சரக்கு தேங்குகிறது.

இங்கேதான் நாம் கறாராகப் பார்க்க வேண்டும். 'கச்சா எண்ணெயை விற்காதே, பொருளாக்கி விற்று மதிப்பைக் கூட்டு' என்பதுதான் வளைகுடா அரசுகளின் நீண்டகாலப் பல்லவி. 2020இல் அராம்கோ, சாபிக்கின் 70 சதவீதத்தை 6,910 கோடி டாலருக்கு வாங்கியது. விற்றது அரசின் முதலீட்டு நிதியம். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு! கச்சா எண்ணெயை நேரடியாக ரசாயனமாக்க யான்புவில் போட்ட பெருந்திட்டத்தை அதே ஆண்டு மறுபரிசீலனைக்கு அனுப்பினார்கள். 2023இல் அராம்கோ சீனாவின் ரோங்ஷெங் நிறுவனத்தில் 10 சதவீதம் வாங்கியது. கூடவே, சூஷான் ஆலைக்கு நாளொன்றுக்கு 4,80,000 பீப்பாய் கச்சா எண்ணெய் அனுப்பவும் ஒப்பந்தம். அப்ப மதிப்பு எங்கே கூடுது? சீனக் கரையில். சவூதியிலிருந்து போவது பழையபடி கச்சா எண்ணெய்.

ஜுபைலில் கட்டுமானம் நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. பிரெஞ்சு டோட்டல்எனர்ஜிஸோடு சேர்ந்த 'அமிரால்' திட்டம் 1,100 கோடி டாலர். பெட்ரோல் தேவை குறைந்தாலும் பிளாஸ்டிக் தேவை குறையாது என்பது கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கக் கூடாது என்பதில் அரசு எவ்வளவு கவனமாக இருக்கிறது என்பதற்கு 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு சாட்சி. உற்பத்திக்கு உச்சவரம்பு வேண்டும் என்றன பல நாடுகள். கழிவை மட்டும் பேசுவோம் என்றன சவூதி உள்ளிட்ட எண்ணெய் நாடுகள். ஒப்பந்தம் இல்லாமலே கலைந்தார்கள். பையைத் தடை செய்யச் சொல்லித் துண்டறிக்கை போடும் நம் தோழர்களும், தெரியாமலேயே, 'கழிவு' என்கிற அந்தச் சொல்லுக்குள்தான் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.