தன்னாய்வு (உயர்கல்வித் தர அங்கீகாரம்)

தன்னாய்வு என்பது, ஒரு பல்கலைக்கழகம் அல்லது கல்லூரி தர அங்கீகாரம் பெறுவதற்கோ, பெற்ற அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்கோ முன்னர், தன் நோக்கம், கற்பித்தல், நிதி, ஆட்சிமுறை ஆகியவற்றைத் தானே சான்றுகளுடன் ஆராய்ந்து அறிக்கையாக அளிக்கும் செயற்பாடு ஆகும். தன்மதிப்பீடு என்றும் இது அழைக்கப்படுகின்றது. இவ்வாய்வை வெளியார் நடத்துவதில்லை. ஆசிரியர், அலுவலர், மாணவர் ஆகியோர் அடங்கிய குழுக்களே நடத்துகின்றன. வெளி மதிப்பீட்டாளர்கள் அதன் பின்னரே வருகின்றனர். இம்முறை ஐக்கிய அமெரிக்காவில் உருவாகி, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் வெவ்வேறு வடிவங்களில் பின்பற்றப்படுகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களின் தரத்தை மேற்பார்வையிடும் நடுவண் அமைச்சு தொடக்கத்தில் இருக்கவில்லை. எந்த உயர்நிலைப் பள்ளியில் பயின்றவரைக் கல்லூரியில் சேர்க்கலாம், எது உண்மையில் கல்லூரி எனத் தக்கது என்ற கேள்விகளுக்கு விடை காணக் கல்வி நிறுவனங்களே சங்கங்களை அமைத்தன. புதிய இங்கிலாந்துப் பகுதியின் சங்கம் 1885 இலும், மத்திய அட்லாண்டிக் மாநிலங்களுக்கான மிடில் ஸ்டேட்ஸ் சங்கம் 1887 இலும், வடமத்திய சங்கம் 1895 இலும் தோன்றின. வடமத்திய சங்கம் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் முதற் பட்டியலை 1913 இல் வெளியிட்டது.

தொடக்கத்தில் நூலகத்திலுள்ள நூல்களின் எண்ணிக்கை, ஆசிரியர்களின் பட்டங்கள் போன்ற அளவுகளே நோக்கப்பட்டன. 1930களில் இவ்வணுகுமுறை மாறியது. ஒவ்வொரு நிறுவனமும் தான் ஏற்றுக்கொண்ட நோக்கத்தை எவ்வளவு நிறைவேற்றுகின்றது என்பதைக் கொண்டு அதனை மதிப்பிட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. நோக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாயின், அதனை முதலில் விளக்க வேண்டியதும் அந்நிறுவனமே. தன்னாய்வின் தேவை இங்கிருந்தே எழுந்தது எனலாம்.

முக்கியத்துவம்

அங்கீகாரம் வழங்கும் ஆணைக்குழுக்கள் அரசு சாரா அமைப்புகள். ஆயினும் அவற்றின் முடிவுகள் அரசு நிதியுடன் பிணைக்கப்பட்டுள்ளன. கொரியப் போர் வீரர்களின் கல்வி உதவிக்கான 1952 ஆம் ஆண்டுச் சட்டமும், 1965 ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டமும் இப்பிணைப்பை ஏற்படுத்தின. நடுவண் கல்வித் திணைக்களம் ஏற்றுக்கொண்ட ஓர் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் பயிலும் மாணவர் நடுவண் அரசின் உதவித்தொகையையோ கல்விக் கடனையோ பெற முடியாது. பெரும்பாலான நிறுவனங்கள் இந்நிதியின்றி இயங்க இயலா. அங்கீகாரம் இழந்தால் மாணவர் பெற்ற பாடப்புள்ளிகளைப் பிற கல்லூரிகள் ஏற்க மறுக்கவும் கூடும். தன்னாய்வு நிறுவனங்களால் பெரிதாகக் கருதப்படுவதன் காரணம் இதுவே.

குழுக்களின் அமைப்பு

தன்னாய்வை ஒரு வழிநடத்துகுழு தலைமையேற்று நடத்தும். இதற்குப் பெரும்பாலும் இணைத்தலைவர்கள் இருவர் இருப்பர். ஒருவர் மூத்த ஆசிரியர், மற்றவர் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். ஆசிரியர் தலைமை வகிப்பதால் அறிக்கை நிர்வாகத்தின் விளம்பரமாக மாறாது என்றும், நிர்வாகி உடனிருப்பதால் தரவுகள் தடையின்றிக் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கப்படுகின்றது.

வழிநடத்துகுழுவின் கீழ்ப் பணிக்குழுக்கள் செயற்படும். பொதுவாக ஒவ்வொரு தரநியமத்துக்கும் ஒரு பணிக்குழு அமைக்கப்படும். எடுத்துக்காட்டாக, மிடில் ஸ்டேட்ஸ் உயர்கல்வி ஆணைக்குழுவின் தரநியமங்கள் ஏழு:

1. நோக்கமும் இலக்குகளும்
2. அறநெறியும் நேர்மையும்
3. கற்றல் அனுபவத்தின் வடிவமைப்பும் வழங்கலும்
4. மாணவர்க்கான ஆதரவு
5. கல்வியின் பயனை மதிப்பிடல்
6. திட்டமிடல், வளங்கள், நிறுவன மேம்பாடு
7. ஆட்சிமுறை, தலைமை, நிர்வாகம்

எண்களையும் ஆவணங்களையும் வழங்கும் பொறுப்பு நிறுவன ஆய்வு அலுவலகத்தைச் சாரும். சேர்க்கை, பட்டம் பெறுவோர் வீதம், இடைவிலகல் ஆகியவை பற்றிய தரவுகளை ஆண்டுதோறும் திரட்டும் அலுவலகம் இது. பல ஆண்டுகளாக முறையாகத் தரவு சேர்க்காத நிறுவனம், தன்னாய்வுக் காலத்தில் அதனை ஈடுசெய்வது கடினம்.

படிமுறைகள்

மிடில் ஸ்டேட்ஸ் முறையில் மதிப்பீடு எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கின்றது. தன்னாய்வுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் தேவைப்படும். அதன் முக்கிய படிகள் பின்வருமாறு.

வடிவமைப்பு: வழிநடத்துகுழு முதலில் ஒரு தன்னாய்வுத் திட்ட வடிவத்தை எழுதும். எக்குழு எதனை ஆராயும், எக்கேள்விகளைக் கேட்கும், நிறுவனம் முன்னுரிமை அளிக்கும் சிக்கல்கள் எவை, கால அட்டவணை என்ன என்பன அதில் இடம்பெறும். ஆணைக்குழுவின் அலுவலர் ஒருவர் இதனைப் படித்துக் கருத்துரைத்து ஏற்ற பின்னரே ஆய்வு தொடங்கும்.

கேள்விகளை அமைத்தல்: "மாணவர்க்கு ஆலோசனைச் சேவை உண்டா?" என்ற கேள்விக்கு ஆம் என்று விடையளித்துவிட்டு நகர்ந்துவிடலாம். "முதலாம் ஆண்டில் இடைவிலகும் மாணவருள் எத்தனை பேர் ஆலோசகரைச் சந்தித்திருந்தனர்? அச்சந்திப்பு பயன் தந்ததா?" என்ற கேள்விக்குத் தரவுகளைப் பார்க்காமல் விடையளிக்க முடியாது. ஆய்வின் தரம் பெரிதும் இத்தகைய கேள்விகளிலேயே தங்கியுள்ளது.

சான்று திரட்டல்: கூட்டக் குறிப்புகள், வரவு செலவுத் திட்டங்கள், பாடத்திட்டங்கள், தேர்வுப் பகுப்பாய்வுகள், கருத்துக்கணிப்புகள் ஆகியன சான்றுத் தொகுப்பில் சேர்க்கப்படும். ஒரு கொள்கை ஆவணம் இருப்பது மட்டும் போதுமான சான்றாகாது. அது நடைமுறையில் பயன்பட்டதைக் காட்டும் பதிவும் வேண்டும்.

வரைவும் கலந்துரையாடலும்: பணிக்குழுக்களின் அறிக்கைகளை வழிநடத்துகுழு ஒன்றிணைக்கும். வரைவு வளாகம் முழுவதற்கும் வெளியிடப்பட்டுத் திறந்த கூட்டங்களில் விவாதிக்கப்படும். நிர்வாகம் மறந்த அல்லது மறைத்த குறைகள் பல இக்கட்டத்தில் வெளிப்படுவதுண்டு. பல குழுக்கள் எழுதியதை ஒரே நடையில் திருத்தி அமைக்க ஒருவர் பொறுப்பேற்பது வழக்கம்.

விவரித்தலும் மதிப்பிடுதலும்

தன்னாய்வில் அடிக்கடி நேரும் குறை, செய்தவற்றைப் பட்டியலிட்டு நிறுத்திவிடுவதாகும். இதனைத் தவிர்க்கப் புதிய இங்கிலாந்து உயர்கல்வி ஆணைக்குழு ஒவ்வொரு தரநியமத்தையும் மூன்று பகுதிகளாக எழுதுமாறு கேட்கின்றது. முதலாவது விவரிப்பு, அதாவது இப்போது உள்ள நிலை. இரண்டாவது மதிப்பீடு, அதாவது அது எவ்வளவு நன்றாக இயங்குகின்றது என்பது. மூன்றாவது எதிர்நோக்கு, அதாவது குறைகளைக் களைய நிறுவனம் செய்யப்போவது.

எடுத்துக்காட்டாக, "எல்லாத் துறைகளும் கற்றல் இலக்குகளை எழுதியுள்ளன" என்பது விவரிப்பு. "அவற்றுள் சில துறைகளே மாணவர் அவ்விலக்குகளை அடைந்தனரா எனச் சோதித்துள்ளன" என்பது மதிப்பீடு. "எஞ்சிய துறைகள் இரண்டு ஆண்டுகளுக்குள் சோதிக்கும், அதற்கு இன்னார் பொறுப்பு" என்பது எதிர்நோக்கு. குறையைத் தானே கூறி, அதற்குத் திட்டமும் வைத்திருக்கும் நிறுவனத்தை மதிப்பீட்டாளர் நம்புவது எளிது. மறைக்கப்பட்ட குறையை அவர்களே கண்டுபிடித்தால், அறிக்கையின் பிற பகுதிகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

வெளி மதிப்பீடும் முடிவும்

அறிக்கை நிறைவடைந்ததும், ஒத்த நிறுவனங்களின் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் அடங்கிய ஒரு குழு வளாகத்துக்கு வருகை தரும். இக்குழுவின் தலைவர் பெரும்பாலும் வேறொரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருப்பார். அவர் சில மாதங்கள் முன்னதாகவே ஒருமுறை வந்து வரைவைப் பார்ப்பதுண்டு. முழுக்குழு ஏறத்தாழ மூன்று நாட்கள் தங்கி, அறிக்கையில் கூறப்பட்டவை உண்மையா என நேர்காணல்கள் வழியாகச் சரிபார்க்கும். இறுதி நாளில் தம் கண்டறிதல்களை வாய்மொழியாக அறிவித்து, பின்னர் எழுத்தில் அளிப்பர். நிறுவனம் அதற்கு மறுமொழி அளிக்கலாம்.

முடிவெடுப்பது வருகைக் குழு அன்று, ஆணைக்குழுவே. அங்கீகாரத்தை உறுதிப்படுத்தல், தொடர் அறிக்கை கேட்டல், எச்சரிக்கை, நன்னடத்தைக் கண்காணிப்பு, காரணம் காட்டக் கோரல், அங்கீகாரத்தைத் திரும்பப் பெறல் என முடிவுகள் படிப்படியாகக் கடுமையாகும்.

சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி

மதிப்பீட்டின் விளைவு எவ்வளவு தீவிரமாகலாம் என்பதற்குக் கலிபோர்னியாவின் இச்சமூகக் கல்லூரி அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2006 மதிப்பீட்டில் சுட்டப்பட்ட குறைகள் பல களையப்படவில்லை எனக் கூறி, அதன் ஆணைக்குழு 2012 சூலையில் காரணம் காட்டக் கோரியது. 2013 சூலையில் அங்கீகாரத்தை ஓராண்டில் முடிவுறுத்தத் தீர்மானித்தது. மாணவர் சேர்க்கை பெருமளவு குறைந்தது. நகர வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 2014 சனவரியில் நீதிமன்றம் அம்முடிவுக்குத் தடை விதித்தது. ஆணைக்குழுவின் நடைமுறையில் சட்ட மீறல்கள் இருந்தன என 2015 இல் தீர்ப்பளித்தது. 2017 சனவரியில் கல்லூரியின் அங்கீகாரம் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. முந்தைய மதிப்பீட்டின் பரிந்துரைகள் மறக்கப்பட்டால் நேரும் இடர், மதிப்பிடுவோரும் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதன் தேவை ஆகிய இரண்டையும் இந்நிகழ்வு காட்டுகின்றது.

இந்தியாவில்

1986 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகார அவை (நாக்) 1994 இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஏழு அளவுகோல்களின் கீழ் இவ்வவைக்குத் தன்னாய்வு அறிக்கை அளித்து வந்துள்ளன. நிறுவனத்தினுள் இப்பணியை உள்ளகத் தர உறுதிக் குழு ஒருங்கிணைக்கின்றது. 2017 இல் அறிமுகமான முறையில் எண்வழித் தரவுகளுக்கு மிகுந்த இடம் அளிக்கப்பட்டு, அவற்றை மூன்றாம் தரப்பினர் சரிபார்க்கும் ஏற்பாடும் மாணவர் மனநிறைவுக் கணிப்பும் சேர்க்கப்பட்டன. எழுத்துத் தரங்களுக்கு மாற்றாக, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறையைக் கொண்டுவரும் திட்டம் 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில், வருகைக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் கையூட்டுக் குற்றச்சாட்டில் நடுவண் புலனாய்வுச் செயலகத்தால் கைது செய்யப்பட்டதை அடுத்து, நேரடி வருகையின் நம்பகத்தன்மை குறித்துப் பரவலாக விவாதிக்கப்பட்டது.

விமர்சனங்கள்

தன்னாய்வு ஆசிரியர்களின் நேரத்தைக் கற்பித்தலிலிருந்தும் ஆய்விலிருந்தும் பறிக்கின்றது என்பது பொதுவான குற்றச்சாட்டு. தன் எதிர்காலத்தை முடிவு செய்பவரிடமே தன் குறைகளை ஒப்புக்கொள்ளுமாறு கேட்பது முரணானது என்றும் கூறப்படுகின்றது. வருகைக்கு முன் மட்டும் கோப்புகளைத் தயாரித்து, பின்னர் அனைத்தையும் கைவிடும் போக்கும் உண்டு. அறிக்கை எழுதும் பணியை வெளி ஆலோசகரிடம் ஒப்படைத்தால், நிறுவனம் தன்னைப்பற்றி எதனையும் கற்பதில்லை.

ஆதரிப்போர், துறை எல்லைகளைக் கடந்து ஒரு பல்கலைக்கழகத்தினர் தம் பணியைப்பற்றி ஒன்றாகப் பேசும் அரிய வாய்ப்பு இது என்பர். அறிக்கையின் பரிந்துரைகள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் பாடத்திட்டத்திலும் இடம்பெறுகின்றனவா என்பது, தன்னாய்வு உண்மையாக நடந்ததா என அறியும் எளிய சோதனையாகும்.

இவற்றையும் பார்க்க

உயர்கல்வி
தர உறுதிப்பாடு
பல்கலைக்கழக மானியக் குழு
சமூகக் கல்லூரி