உங்களுக்குத் தெரியுமா? கிருமியே இல்லாமல் ஒரு ஃப்ளூ

● ஃப்ளூ வந்தால் உடம்பை அடித்துப் போட்டாற்போல வலிக்கிறதே, அதற்கு வைரஸை மட்டும் திட்டாதீர்கள். வைரஸைத் தடுக்க நம் உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரானுக்கும் அதில் பங்குண்டு. அதையே ஊசியில் ஏற்றினால்? சில மணி நேரத்தில் குளிர், நடுக்கம், காய்ச்சல். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக இதை எடுத்துக்கொண்ட பலர் பாரசிட்டமாலை விழுங்கிவிட்டு, படுக்கப் போகுமுன் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். நடுக்கத்தைத் தூக்கத்திலேயே கழித்துவிடலாமே!

● இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தது 1957-இல், லண்டனில். ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் கோழிக்கருவின் சவ்வில் செய்த சோதனை அது. வைரஸின் வேலையில் ‘குறுக்கிடுவதால்’ (ஆங்கிலத்தில் ‘இன்டர்ஃபியர்’) அந்தப் பெயர்.

● ஹெல்சின்கியில் விஞ்ஞானி காரி கான்டெல் இன்டர்ஃபெரானைத் தானமாக வந்த இரத்தத்தின் வெள்ளையணுக்களிலிருந்து எடுத்தார். வெள்ளையணுவில் வரும் இரத்தப் புற்றுநோய்க்கு, யாரோ ஒருவரின் வெள்ளையணுவே மருந்து!

● ‘ஹேரி செல் லுகேமியா’ என்று ஓர் அபூர்வ வகை இரத்தப் புற்றுநோய். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அணுவைச் சுற்றி மயிர் முளைத்தாற்போல் இருக்கும். கிருமிகளோடு சண்டை போடும் அணுக்கள் இதில் வற்றிவிடுவதால், சாதாரணத் தொற்றும் உயிருக்கு உலை வைக்கும். 1984-இல் ஹூஸ்டன் மருத்துவர்கள் 7 பேருக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள். ஏழு பேருக்கும் பலன் தெரிந்தது. 1986-இல் அமெரிக்கா இம்மருந்துக்கு அனுமதி தந்தது. ஒரு விசித்திரம்: தொடக்கத்தில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை இன்னும் கீழே இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து வயிற்றைக் கலக்கும். பொறுத்தால்தான் ஏறும், தொற்றும் குறையும்.

● ‘நாள்பட்ட மைலாய்டு லுகேமியா’ என்ற இன்னொரு வகை இரத்தப் புற்றுநோயில் கதை வேறு. புற்றணு தன் உள்சரக்கை வெளியே காட்டும்படி செய்கிறது இன்டர்ஃபெரான். அப்போதுதான் எதிர்ப்புச் சக்தியின் டி அணுக்களின் கண்ணில் அது படும். இந்த மருந்தால் நன்கு தேறிய சிலரின் இரத்தத்தில், ‘புரோட்டினேஸ் 3’ என்ற புரதத்தின் துணுக்கை அடையாளம் கண்டு புற்றணுவைக் கொல்லும் டி அணுக்களே கிடைத்தன. ஆனால் 2001-இல் இமாடினிப் என்ற மாத்திரை வந்ததும் ஊசி ஓரங்கட்டப்பட்டது. தினமும் ஒரு மாத்திரையா, ஓயாத காய்ச்சலும் மனச்சோர்வுமா என்றால் யார்தான் ஊசியைக் கேட்பார்?

● தட்டியெழுப்பிய காவல்காரன் சில நேரம் வீட்டுக்காரரையே அடித்துவிடுவான். இன்டர்ஃபெரானால் உசுப்பப்பட்ட எதிர்ப்புச் சக்தி சிலருக்குத் தைராய்டு சுரப்பியைத் தாக்கும். அதனால்தான் இந்த ஊசி போட்டுக்கொள்வோருக்கு இரத்த அணு எண்ணிக்கையோடு தைராய்டையும் பரிசோதிக்கிறார்கள்.