மாட்டிய பிறகே கழற்று

நாமக்கல் மாவட்டத்திலுள்ள சித்தம்பூண்டியின் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்து அந்த மண்ணில்தான் சந்திரயான் ஊர்தியை இஸ்ரோ ஓட்டிப் பார்த்தது. ஊர்திக்கு மூச்சு வேண்டாம், மனிதருக்கு வேண்டும். இந்திய வீரர்கள் ராகேஷ் சர்மாவும் (1984) சுபான்ஷு சுக்லாவும் (2025) விண்வெளிக்குப் போனாலும் கலத்தை விட்டு வெளியே வந்ததில்லை. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுனிதா வில்லியம்ஸ் 9 முறை வெளியே வந்து, மொத்தம் 62 மணி 6 நிமிடம் வேலை செய்திருக்கிறார். அங்கே உயிரைக் காப்பது உடையும் கயிறும்தான்.

நாசா உடைக்குள் இருப்பது தூய ஆக்சிஜன். அதன் அழுத்தம் நம் ஊர்க் காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. இதற்கு மேல் கூட்டினால் உடை காற்றடைத்த டயர் போல விறைத்துவிடும். விரலை மடக்குவதே பெரும்பாடாகும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்விடும். அதனால் முன்கூட்டியே தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிவிடுகிறார்கள். மூச்சில் வரும் கரியமில வாயுவை முதுகுப் பையிலுள்ள வடிகட்டி பிடித்துக்கொள்ளும். முதன்மைத் தொட்டி பழுதானால், தனித் தொட்டியில் குறைந்தது அரை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் உண்டு.

உடல் சூட்டை வாங்கிக்கொள்ள வெளியே காற்று இல்லை. ஆகவே உள்ளாடையில் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்களைத் தைத்து, அவற்றில் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் கொண்டுவரும் சூட்டை, முதுகுப் பையில் உறையும் பனி வாங்கிக்கொண்டு நேராக ஆவியாகி வெளியேறும்.

வெளியே இருப்பவரைக் கலத்தோடு பிணைப்பது, சுருள்பெட்டியிலிருந்து நீளும் மெல்லிய எஃகுக் கம்பிவடம். கையருகே வேலை செய்ய இன்னொரு குட்டைக் கயிறும் உண்டு. இடம் மாறும்போது புதிய கொக்கியை மாட்டி, பூட்டு விழுந்ததைப் பார்த்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். இரண்டும் தவறினால் முதுகிலுள்ள நைட்ரஜன் பீச்சுக் கருவி திரும்பிவர உதவும்.

2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூகா பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிரூட்டும் அமைப்பிலிருந்து தண்ணீர் கசிந்தது. கண்ணும் மூக்கும் மூழ்கின. பார்வை மறைந்த நிலையில், கம்பிவடத்தின் இழுப்பையே வழியாகக் கொண்டு அவர் கதவை அடைந்தார். அதன்பின் கவசங்களில் உறிஞ்சும் பட்டையும் மூச்சுக்குழலும் சேர்க்கப்பட்டன.

சென்னையைச் சேர்ந்த அஜித் கிருஷ்ணனும் இடம்பெற்றுள்ள, இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யான் குழுவின் உடை, கலத்துக்குள் அணிவதற்கானது. வெளியே போகும் உடையை நாமே செய்யும் நாள் வரும். அன்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது பழுதானால் அடுத்து எது காக்கும்?