டைட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வருதா? வீடியோ எடிட்டர்களுக்கு ஓர் எளிய வழிகாட்டி!

மாலை ரிசப்ஷனில் திரையிட வேண்டிய வீடியோ. மணமக்கள் பெயரை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தங்க நிறத்தில் மின்ன வைத்து, அதை டைம்லைனில் இழுத்துப் போட்டால்... பெயர் வருது, கூடவே பெரிய கறுப்புக் கட்டமும் வருது. பின்னால் இருக்கும் மணமக்களைக் காணோம்! கல்யாண வீடியோ எடிட்டர்கள் முதல் யூடியூபர்கள் வரை பலரும் சந்திக்கும் சிக்கல் இது. தீர்வு, எக்ஸ்போர்ட் செய்யும் இடத்திலேயே இருக்கு.

ஏன் கறுப்பாகுது?

சாதாரண வீடியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தகவல்கள்தான் இருக்கும். 'இந்தப் புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவணும்?' என்று சொல்ல நான்காவதாக ஒரு தகவல் தேவை. அதுதான் ஆல்ஃபா சேனல். 8 பிட்டில் 0 என்றால் முழுக்கக் கண்ணாடி, 255 என்றால் முழுச் சுவர். நாம் வழக்கமாக எடுக்கும் எச்.264 எம்பி4 ஃபைலில் இந்த நான்காவது தகவலுக்கு இடமே கிடையாது. அதனால்தான் காலி இடமெல்லாம் கறுப்பாகிடுது.

எப்படி எக்ஸ்போர்ட் செய்யணும்?

* ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்: ரெண்டர் க்யூவில் அவுட்புட் மாட்யூலைத் திறந்து, ஃபார்மட்டில் குயிக்டைம், கோடெக்கில் ஆப்பிள் புரோரெஸ் 4444, சேனல்ஸில் 'ஆர்ஜிபி + ஆல்ஃபா' தேர்வு செய்யுங்க. புரோரெஸ் 422-ல் ஆல்ஃபா வராது. கடைசி 4-தான் அந்த நான்காவது சேனல்.

* டாவின்சி ரிசால்வ்: டெலிவர் பக்கத்தில் குயிக்டைம், புரோரெஸ் 4444 கொடுத்து, 'எக்ஸ்போர்ட் ஆல்ஃபா' கட்டத்தில் டிக் அடிக்கணும். உங்கள் விண்டோஸ் கணினியில் புரோரெஸ் காட்டவில்லையா? கோப்ரோ சினிஃபார்மில் ஆர்ஜிபி 16 பிட் எடுத்துக்கோங்க.

* எல்லாத்துக்கும் பொது வழி: பிஎன்ஜி படத்தொடர். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 விநாடிக்கு 250 படங்கள். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒலி மட்டும் இதில் வராது. இம்போர்ட் செய்யும்போது ஃபிரேம் ரேட்டைச் சரிபார்க்க மறக்காதீங்க. 25-ஐ 30 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், 10 விநாடி டைட்டில் சுமார் 8.3 விநாடியில் ஓடி முடிஞ்சிடும்.

ஓரத்தில் கரி பூசின மாதிரி இருக்கா?

பின்னணி போயிடுச்சு. ஆனால், எழுத்தின் நிழலிலும் ஒளிவட்டத்திலும் அழுக்குக் கோடு தெரியுதா? ஆல்ஃபாவை இரண்டு விதமாக எழுதலாம். 'ஸ்ட்ரெயிட்' முறையில் நிறம் தனியாக, ஆல்ஃபா தனியாக இருக்கும். 'ப்ரீமல்டிப்ளைடு' முறையில் ஓரத்து நிறங்களில் முன்கூட்டியே கறுப்பு கலந்திருக்கும். அனுப்பும் மென்பொருள் ஒன்றைச் சொல்ல, வாங்கும் மென்பொருள் இன்னொன்றாகப் புரிந்துகொண்டால் இந்தக் கரி வரும். ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிப்யூட்ஸ்', பிரீமியரில் 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' போய் ஆல்ஃபா வகையை மாற்றிப் பாருங்க. மறுபடி ரெண்டர் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

ஏமாற வேண்டாம்!

எடுத்த ஃபைலைப் பிளேயரில் ஓடவிட்டால் பின்னணி கறுப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்து, 'தப்பாயிடுச்சு' என்று மறுபடி ரெண்டர் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. டைம்லைனில் கீழே ஒரு பளிச் நிறத்தை வைத்து, மேலே கிளிப்பைப் போட்டுப் பாருங்க. அதுதான் சரியான சோதனை. அதேபோல, இணையத்தில் இறக்கும் சில கிளிப்களில் தெரியும் சாம்பல்-வெள்ளைக் கட்டங்கள் வெறும் ஓவியம்தான். அதில் ஆல்ஃபா இருக்காது.

புரோரெஸ் 4444 இடத்தை விழுங்கும். 1080பி, 30 ஃபிரேமில் விநாடிக்குச் சுமார் 330 மெகாபிட், அதாவது 10 விநாடிக்கு 400 எம்பி வரை போகலாம். அதனால் டைட்டில் வரும் அந்தச் சில விநாடிகளை மட்டும் இப்படி எடுங்க. முழு வீடியோவையும் முடித்துக் கொடுக்கும்போது வழக்கமான எம்பி4 போதும். அங்கே எழுத்தும் காட்சியும் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டதால் ஆல்ஃபாவுக்கு வேலையே இல்லை!